‘லீக்தானே’ என்று விட்டுவிடலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அயர்லாந்தின் சொந்த விளையாட்டான கேலிக் கால்பந்தைப் பற்றியவை. அயர்லாந்தின் மேற்கே மேயோ கவுண்டியில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து, குளிரிலும் மழையிலும் அந்த அணியின் ஆட்டங்களைப் பார்த்து வருபவன் என்ற முறையில், அவற்றுக்கு ஒரே இதழில் பதில் எழுதுவதே நல்லது என்று நினைத்தேன். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி இறுதியில் புதிய லீக் தொடங்கிவிடும். அதற்குள் 2025ஆம் ஆண்டின் கணக்கைப் பார்த்துவிடுவது நமக்கும் உதவும். புதியவர்களுக்கு ஒன்று: இங்கே 1-18 என்றால் ஒரு கோலும் 18 புள்ளியும்; ஒரு கோலுக்கு மூன்று புள்ளி.

வாசகி, காசில்பார்: 2025 மார்ச் 30 அன்று டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் நடந்த தேசிய லீக் முதல் பிரிவு இறுதி ஆட்டத்துக்கு, மேயோ ஆதரவாளர்களின் பேருந்தில் குடும்பத்தோடு சென்றிருந்தோம். கெர்ரி 1-18, மேயோ 1-12 என்ற கணக்கில் தோற்றோம். திரும்பும் வழியெல்லாம் பேருந்துக்குள் இரண்டு கட்சிகள். ஒரு கட்சியார் ‘லீக்தானே, விடுங்கள்’ என்றார்கள். மறு கட்சியார் ‘இந்த அணி இனித் தேறாது’ என்றார்கள். யார் சொன்னது சரி?

இருவரும் சொன்னது அவசரத்தில் சொன்னது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த அவசரத்துக்கு மேயோவில் நியாயம் உண்டு. 1951க்குப் பிறகு, அகில அயர்லாந்து சாம்பியனுக்குக் கிடைக்கும் சாம் மகுவயர் கோப்பை இந்தக் கவுண்டிக்கு வரவில்லை. 1989 முதல் 2021 வரை 11 அகில அயர்லாந்து இறுதிகளில் மேயோ தோற்றிருக்கிறது. 2016இல் முதல் ஆட்டம் சமனில் முடிந்தபோது டப்ளின் பெற்ற இரண்டு கோல்களும் மேயோ ஆட்டக்காரர்கள் தங்கள் வலைக்குள்ளேயே தவறிச் செலுத்தியவை. மறு ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றார்கள். 2017 இறுதியிலும் அதே டப்ளினிடம் ஒரே புள்ளிதான். இவ்வளவையும் நெஞ்சில் சுமந்து நடப்பவர்கள் மார்ச் மாதத் தோல்வி ஒன்றை அளந்து பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

முதலில் ‘லீக்தானே’ கட்சிக்கு வருகிறேன். முதல் பிரிவில் எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஏழு ஆட்டங்கள். முதல் இரண்டு அணிகள் இறுதிக்குப் போகும், கடைசி இரண்டும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். இறுதி முடிந்த கையோடு, லீக்கைவிடப் பெரிதாக எண்ணப்படும் சாம்பியன்ஷிப் மாகாண ஆட்டங்களோடு வந்துவிடும். 2023 ஏப்ரல் 2 அன்று மேயோ 0-14க்கு 0-11 என்று கால்வேயை வென்று லீக் பட்டத்தைத் தூக்கியது. ஊரெல்லாம் கொடி பறந்தது. சரியாக ஏழு நாள் கழித்துச் சொந்த மைதானத்தில் ராஸ்காமன் 2-8க்கு 0-10 என்று நம்மை வீழ்த்தியது. 2019இலும் இதே கதை: லீக் இறுதியில் கெர்ரியை வென்றோம், மே மாதத்தில் நம் மாகாணமான கானாக்டின் அரையிறுதியில் சொந்த ஊரான காசில்பாரிலேயே ராஸ்காமனிடம் ஒரு புள்ளியில் தோற்றோம். இந்த இரண்டு ஆண்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான்.

ஆனால் 2022ஐ அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு லீக் இறுதியில் கெர்ரி 3-19, மேயோ 0-13, அதாவது 15 புள்ளி வித்தியாசம். ‘லீக்தானே’ என்று அன்றும் சொன்னோம். அதே கெர்ரிதான் ஜூலையில் கோப்பையைக் கையில் ஏந்தியது. 2025இலும் மார்ச்சில் லீக் பட்டம் வென்ற கெர்ரி ஜூலை 27 அன்று டோனெகாலை 1-26க்கு 0-19 என்று பத்துப் புள்ளிகளில் வென்று சாம்பியன் ஆனது. அவர்களுடைய லீக் ஆட்டத்தைக் கவனித்துப் பார்த்திருந்தால் வரப்போவதின் பெரும்பகுதியை அப்போதே கண்டிருக்கலாம்.

‘தேறாது’ என்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேயோ அந்த இறுதிக்கு வந்த வழியை நினைத்துப் பார்க்க வேண்டும். கடைசிச் சுற்றில் டோனெகால் தன் முன்னணி ஆட்டக்காரர்கள் பலரை நிறுத்திவைத்துவிட்டுக் காசில்பாருக்கு வந்தது. அந்த வெற்றியால்தான் நாம் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தோம். ஆகவே இறுதியில் கண்ட ஆறு புள்ளி வித்தியாசத்தை ஒரு பெரிய சரிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அணி அப்போது நின்ற உயரமே அதுதான். பிறகு நடந்ததும் அதையே காட்டியது. கானாக்ட் இறுதியில் கால்வேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். இரண்டாம் பிரிவு அணியான கேவனிடம் சொந்த மண்ணில் தோற்றார்கள். ஓமாவுக்குப் போய் டைரோனை வென்றார்கள். டோனெகாலிடம் கடைசி மூச்சில் போன ஒரு புள்ளியால் வெளியேறினார்கள். தேறாத அணி டைரோனை அதன் ஊரில் போய் வெல்லாது. தேறிய அணி கேவனிடம் வீட்டில் தோற்காது.

லீக் இறுதியில் நான் கவலையோடு குறித்துக்கொண்டது வேறொன்று. நெடுந்தொலைவிலிருந்து உதைத்தால் இரட்டைப் புள்ளி கிடைக்கும் என்ற விதி வந்த ஆண்டில், 70 நிமிட ஆட்டத்தில் நம் கணக்கில் குறுக்குக் கம்பத்துக்கு மேலே சேர்ந்தது மொத்தம் 12. கெர்ரி ஜூலை இறுதியில் சேர்த்தது 26. பேருந்தில் பேசியிருக்க வேண்டிய பேச்சு இதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

வாசகர், லிமரிக்: எங்கள் ஊரில் மட்டையால் ஆடும் ஹர்லிங்தான் உயிர். கேலிக் கால்பந்து ஆதரவாளர்கள் ஆட்டம் முடிந்ததும் கோல் போட்டவரைப் பேசாமல் ‘கிக்-அவுட்’ என்றே பேசுகிறார்களே, கோல்காப்பாளர் பந்தை உதைத்து விடுவதில் அவ்வளவு என்ன இருக்கிறது?

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. 1-18 என்றால் ஒரு கோலும் 18 புள்ளியும், ஆக மொத்தம் 21. இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு அணியும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் 35, 40 தடவை புள்ளி எடுக்கும், அதற்கு ஈடாகச் சில உதைகள் வெளியே போகும். அவற்றில் ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஆட்டம் மீண்டும் தொடங்குவது கோல்காப்பாளரின் காலிலிருந்துதான். ஆகவே கிக்-அவுட் என்பது ஓர் ஆட்டத்துக்குள் ஐம்பது தடவை வரை கேட்கப்படும் ‘பந்து யாருக்கு?’ என்ற கேள்வி. அந்தக் கேள்வியில் தொடர்ந்து நான்கு தடவை தோற்கும் அணி, தன் முன்வரிசையில் எத்தனை கெட்டிக்காரர்களை வைத்திருந்தாலும், பந்தைத் தொடாமலேயே ஆறேழு புள்ளி பின்தங்கிவிடும்.

2025க்கு முன்பு இதற்கு ஒரு சுலப வழி இருந்தது. அருகில் தனியே நிற்கும் பின்வரிசை ஆட்டக்காரருக்குக் கோல்காப்பாளர் மெல்லத் தட்டிவிடுவார், பந்து பத்திரமாகிவிடும். இப்போது பந்து, கோலிலிருந்து 40 மீட்டரில் வரைந்த வளைவைத் தாண்டியாக வேண்டும். அதனால் நடுக்களத்தில் உயரே எம்பிப் பிடிக்கும் பழைய கலை திரும்பிவிட்டது. அதைவிட முக்கியமாக, பிடிபடாமல் கீழே சிதறும் பந்துக்காகக் கூட்டமாகப் பாயும் வேலை ஆட்டத்தின் நடு நரம்பாகிவிட்டது. 2025 அகில அயர்லாந்து இறுதியில் கெர்ரி டோனெகாலை நெருக்கியது இங்கேதான். டோனெகால் தன் சொந்த கிக்-அவுட்டையே வெளியே கொண்டுவர முடியாமல் திணறியது.

காசில்பாரின் மெக்ஹேல் பார்க் மைதானத்தில் நான் வழக்கமாக நிற்கும் படிக்கட்டில், ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர் என் பக்கத்தில் நிற்பார். அவர் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஆட்ட நிகழ்ச்சிக் குறிப்பேட்டின் பின்னட்டையில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் நம் கிக்-அவுட், வலப்பக்கம் அவர்களுடையது என்று பிரித்துக்கொள்வார். பந்து நமக்குக் கிடைத்தால் நேர்க்கோடு, போனால் சாய்கோடு, எவர் கையிலும் நிற்காமல் சிதறிப் பிறகு கிடைத்தால் கோட்டின் தலையில் ஒரு புள்ளி. மழை பெய்தால் குறிப்பேட்டைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு நினைவிலிருந்து பிறகு போடுவார். ஒரு லீக் ஆட்டத்தில் இடைவேளைக்கு நாம் இரண்டு புள்ளி முன்னணியில் இருந்தோம்; சுற்றி நின்றவர்கள் தேநீர்க் குடுவையைத் திறந்து சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் குறிப்பேட்டை என்னிடம் நீட்டி, இடப்பக்கத்தின் கடைசி வரிசையைப் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். ஐந்து சாய்கோடுகள் வரிசையாக இருந்தன. “காற்று நம் பக்கம் வீசியும் இது,” என்று மட்டும் சொன்னார். இரண்டாம் பாதியில் காற்று எதிர்த்திசையில் வந்தபோது அந்த ஐந்து சாய்கோடுகளின் பொருள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஆட்டம் முடிந்ததும் நான் முதலில் பார்ப்பது அவருடைய பின்னட்டையைத்தான்.

வாசகர், டப்ளின்: புதிய விதிகள் வந்த பிறகு பழைய லீக் ஆட்டங்களோடு இப்போதைய ஆட்டத்தை ஒப்பிட்டுப் பேசுவதில் பொருள் உண்டா? ஆட்டம் உண்மையில் மேம்பட்டிருக்கிறதா?

மேம்பட்டிருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். முன்னாள் டப்ளின் மேலாளர் ஜிம் கேவின் தலைமையில் அமைந்த சீரமைப்புக் குழு பரிந்துரைத்து, 2024 நவம்பரில் சிறப்பு மாநாடு ஏற்றுக்கொண்ட விதிகள் அவை. ஓராண்டு சோதனைக்குப் பிறகு 2025 அக்டோபரில் நிரந்தரமாயின. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பதினைந்து பேரும் பந்துக்குப் பின்னால் வந்து சுவர் எழுப்பி நிற்பார்கள். எதிரணி அந்தச் சுவருக்கு முன்னால் இடமும் வலமுமாகப் பந்தைக் கையால் தட்டிக்கொண்டே இருக்கும். வழி அடைபட்டால் பந்து பின்னே கோல்காப்பாளரிடம் போகும். பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அதைப் பார்க்கப் பணம் கொடுத்து நின்றவர்களின் பொறுமையை நான் மதிக்கிறேன். இப்போது ஒவ்வோர் அணியும் எதிரணிப் பாதியில் எந்நேரமும் மூவரையாவது நிறுத்தியாக வேண்டும். கோல்காப்பாளரிடம் பந்தைத் திருப்பிக் கொடுக்கவும் கடும் கட்டுப்பாடு வந்துவிட்டது. தவறிழைக்கப்பட்டவர் நடுவருக்காகக் காத்திராமல் பந்தைக் காலில் தட்டியெடுத்து அப்படியே ஓடலாம்; 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்தால் இரண்டு புள்ளி; அதற்குக் கம்பத்தடியில் நிற்கும் வெள்ளைக் கோட்டுக்காரர் ஆரஞ்சு நிறக் கொடியை அசைப்பார்.

ஒப்பீட்டில் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும்: புள்ளி எண்ணிக்கை. முன்பு 0-14 எடுத்து லீக் பட்டம் வென்றோம் என்பதை வைத்து இன்றைய முன்வரிசையைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது. ஆனால் லீக்கில் ஓர் அணி காட்டும் பழக்கம் சாம்பியன்ஷிப்பிலும் அதைத் தொடர்ந்து வரும் என்பது இரண்டு காலத்துக்கும் பொது. 2024 மார்ச் இறுதியில் டெர்ரி, டப்ளினோடு கூடுதல் நேரத்துக்குப் பிறகும் சமனில் நின்று பெனால்டி உதைகளில் லீக் பட்டத்தை வென்றது. அந்த அணியின் கோல்காப்பாளர் எதிரணியின் கிக்-அவுட்டை நெருக்குவதற்காகத் தன் எல்லையை விட்டு மிகவும் முன்னேறி நிற்பது வழக்கம். லீக் முழுவதும் அதைத் துணிச்சல் என்று எல்லாரும் பாராட்டினோம், நானும்தான். மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 20 அன்று, டோனெகால் அப்படி முன்னேறி நின்ற டெர்ரி ஆட்டக்காரர்களின் தலைகளுக்கு மேலே நீண்ட உதைகளை அனுப்பி, காவலற்ற வலையை நோக்கி ஓடியது. ஆட்டம் முடிந்தபோது கணக்கு டோனெகாலுக்கு 4-11, டெர்ரிக்கு 0-17. டோனெகாலின் மேலாளர் ஜிம் மெக்கின்னஸ் லீக் ஆட்டங்களை நம் எல்லாரையும்விட நன்றாகப் பார்த்திருந்தார். வெற்றி பெற்ற ஆட்டத்தில் இருக்கும் ஓட்டையை வென்ற அணியின் ஆதரவாளர்கள் பார்ப்பதில்லை. நாங்களும் 2023இல் பார்க்கவில்லை.

வாசகி, லண்டன்: ருய்ஸ்லிப் மைதானத்தில் லண்டன் அணியின் லீக் ஆட்டங்களுக்கு என் கணவரோடு போகிறேன். பெரும்பாலும் தோல்விதான். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ஆதரவாளர்கள் ஆட்டத்துக்குப் பிறகு எதைப் பேசுவது?

உங்கள் அணியின் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. அயர்லாந்தின் கில்கென்னி கவுண்டிகூட ஹர்லிங்கே போதும் என்று கால்பந்து லீக்கை விட்டு விலகிவிட்டது. கடல் கடந்து இருக்கும் லண்டன் நான்காம் பிரிவில் விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. வேலைக்காக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்த அணி அது. சென்ற ஆண்டு ஆடியவர் இந்த ஆண்டு ஊருக்குத் திரும்பியிருப்பார். அப்படிப்பட்ட அணியை ஆட்டத்துக்கு ஆட்டம் எடை போடுவதில் பயனில்லை. பிப்ரவரியில் ஆடிய நடுக்கள இணை மார்ச்சிலும் சேர்ந்து ஆடுகிறதா, இரண்டாம் பாதியில் மூச்சு நிற்கிறதா, முன்பு பத்தில் தோற்ற அணியிடம் இப்போது நான்கில் தோற்கிறதா என்று பாருங்கள், பேசுங்கள்.

2013ஐ மறக்க வேண்டாம். 1977க்குப் பிறகு சாம்பியன்ஷிப்பில் ஒரு வெற்றிகூட இல்லாமல் இருந்த லண்டன், அந்த ஆண்டு ருய்ஸ்லிப்பில் ஸ்லைகோவை ஒரு புள்ளியில் வென்றது. பிறகு லீட்ரிமை மறு ஆட்டத்தில் வென்று கானாக்ட் இறுதிக்கே வந்துவிட்டது. காசில்பாரில் அவர்களை எதிர்கொண்டது நாங்கள்தான். 5-11க்கு 0-10 என்று மேயோ வென்றது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் லண்டன் ஆட்டக்காரர்களுக்கு மேயோ ஆதரவாளர்கள் எழுந்து நின்று கைதட்டியதில் உபசாரம் எதுவும் இல்லை. அந்த மரியாதை அவர்கள் ஆடிச் சம்பாதித்தது.

வாசகர், கால்வே: லீக்கில் இரண்டு ஆட்டம் தோற்றதும் ‘மேலாளரை மாற்று’ என்கிறார்கள். இது நியாயமா?

இரண்டு ஆட்டத்தில் நியாயமில்லை. மேலாளரைப் பற்றிப் பேசுவதற்கு ஏழு ஆட்டமும் முடிந்திருக்க வேண்டும். அப்போதும் அவர் யாரைப் புதிதாக ஆட வைத்தார், அவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும். லீக்கின் முதல் பயனே அதுதான். 2017இல் ஆண்டின் சிறந்த கால்பந்தாட்டக்காரராகத் தேர்வு பெற்ற ஆண்டி மோரன் இப்போது மேயோவின் மேலாளர். அவருக்கும் இந்த அவகாசம் வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

மீண்டும் காசில்பார் வாசகி: இன்னொன்றும் கேட்க வேண்டும். என் பத்து வயது மகன் உள்ளூர்க் கிளப்பில் ஆடுகிறான். மேயோ அணியில் ஆடும் ஒருவர் அவன் பள்ளியில் ஆசிரியர். ஓர் ஆட்டத்தில் அவர் பந்தைத் தவறவிட்டபோது எங்களுக்குப் பின்னால் நின்றவர் அவரை மிகவும் கேவலமாகத் திட்டினார். மகன் வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அவனுக்கு நான் என்ன சொல்வது?

உங்கள் கடிதத்தின் இந்தப் பகுதியைப் படித்து எனக்கு மனம் கனத்தது. மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவனுடைய ஆசிரியருக்கு இந்த ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. 1884இல் தர்லஸ் ஊரில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கத்தில், 82,000 பேருக்கு மேல் அமரும் க்ரோக் பார்க்கில் ஆடுபவரும் சம்பளமின்றித்தான் ஆடுகிறார். டப்ளினில் வேலை பார்க்கும் மேயோ ஆட்டக்காரர்கள் வார நடுவில் பயிற்சிக்காகச் சுமார் 240 கிலோமீட்டர் வந்து, அதே இரவில் திரும்புவார்கள். அவன் ஆசிரியர் ஞாயிறு மாலை தோற்றுவிட்டுத் திங்கள் காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்துவைத்து அவன் பெயரைக் கூப்பிடுகிறார். திட்டியவருக்கு இது தெரியாமல் இல்லை. எழுபது நிமிடத்துக்கு அதை மறந்துவிடுகிறார். அந்த மறதியை நான் மன்னிக்கமாட்டேன். ‘பந்தைத் தவறவிட்டார்’ என்பது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. அதை யாரும் யாரிடமும் சொல்லலாம், அந்த ஆசிரியரே ஒப்புக்கொள்வார். அதற்கு மேல் போகும் எதுவும் ஆட்டத்தைப் பற்றியதே அல்ல.

அவனை ஆட்டத்துக்கு அழைத்துப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்து மெக்ஹேல் பார்க்கில் நடக்கும் லீக் ஆட்டத்துக்கு வாருங்கள். நுழைவாயிலில் நிகழ்ச்சிக் குறிப்பேடு ஒன்று வாங்கி, பின்னட்டையில் நடுவே கோடு கிழித்து, ஒரு பென்சிலோடு அவன் கையில் கொடுங்கள். நேர்க்கோடு, சாய்கோடு, தலையில் புள்ளி – மூன்றே குறிதான். பத்து வயதுப் பையனுக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். இடைவேளையில் நாங்கள் நிற்கும் படிக்கட்டுப் பக்கம் அவனை அனுப்பிவையுங்கள். என் பக்கத்தில் நிற்கும் பெரியவர், தன் கணக்கை ஒத்துப் பார்க்க இன்னொருவர் கிடைத்தால் மிகவும் மகிழ்வார்.